காலப் பயணியும் கோட்டுப்பாலும்: பாத்திரப் படைப்பில், நடிகர் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ரப்பர் தோட்டப்புறச் சிறுநகரங்களில் அறிவியல் புனைவுக் குறும்படம் எடுக்க முனைவோர் முதலில் சறுக்குவது கணினி வரைகலையில் அன்று. பாத்திரத்துக்கு அபூர்வ ஆற்றலைக் கொடுத்துவிட்டு, ஆசையையும் அச்சத்தையும் கொடுக்க மறப்பதில்தான்.

1948 ஜூன் 16 அன்று இவ்வூரை ஒட்டிய தோட்டங்களில் ஐரோப்பியத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதையும், அம்மாதமே அவசரகாலம் அறிவிக்கப்பட்டதையும் நாம் படித்திருக்கிறோம். இன்றைய இளைஞன் ஒருவன் அதற்கு முந்தைய நாள் விடியலில், தொழிலாளர் பெயர்கொடுக்கக் கூடும் பெரட்டுக்களத்தில் வந்து விழுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அனுபவமற்ற கதாசிரியர், அவனை உடனே பெட்டியின் மேலேற்றி வரலாற்றுப் பாடம் நடத்த வைத்துவிடுவார். ஆனால் தேதியை அறிந்தவனுக்குத் தன் கொள்ளுத்தாத்தாவின் முகம் தெரியாது. மரத்தின் வெட்டுக்கோட்டில் உறைந்த ரப்பர் பாலாகிய கோட்டுப்பாலை உருவவோ, பால் வடியும் கிண்ணமாகிய மங்கு துடைக்கவோ தெரியாத அவனை ஊரார் ஒற்றன் என்றே ஐயுறக்கூடும். எச்சரித்தால் குடும்பத்தின் போக்கு மாறித் தான் பிறக்காமலே போகலாம், வாய்மூடினால் கண்முன் உயிர்கள் போகும் என்ற இடுக்கில் அவன் எதைத் தேர்கிறான், அதற்காக எதை இழக்கிறான் என்பதிலேயே பாத்திரம் வளர்கிறது. கால இயந்திரம் எப்படி ஓடுகிறது என்பதை இரண்டு வசனத்தில் முடித்துவிடலாம்.

கொள்ளுத்தாத்தாவாகவும் அதே நடிகரையே போட்டு மீசை ஒட்டுவது அடுத்த தவறு. முகச்சாயல் இல்லாத இருவரைத் தேர்ந்து, பேசுமுன் பிடரியைத் தடவும் ஒரே பழக்கத்தை இருவருக்கும் கொடுத்தால், உறவைப் பார்வையாளரே கண்டுகொள்வார்.

கறுத்தவரை வேற்றுக்கோள் அரக்கனாகவும் வெளுத்தவரைத் தேவதையாகவும் நிறுத்தும் வழக்கத்தை உடனே கைவிட வேண்டும். கருமேனியும் முறுக்கு மீசையும் அரிவாளுமாக முனியாண்டியைக் காவல்தெய்வமாகக் கும்பிடும் நாம் இதைச் செய்வது வேடிக்கைதான்.

விண்கலத் தலைவர் என்றாலே ஆண் என்று எழுதிவிடுவதும் அப்படியே. 1979இல் வந்த 'ஏலியன்' படத்தின் திரைக்கதையில், கலத்தின் பணியாளர் வேடங்களை ஆணோ பெண்ணோ ஏற்கலாம் என்ற குறிப்பு இருந்தது; ரிப்ளி என்ற முதன்மை வேடம் நடிகை சிகர்னி வீவருக்குச் சென்றது. பெயரையும் பாலையும் மறைத்து வசனங்களைப் படித்துப் பார்த்தால், தேவையின்றி நாம் பூட்டிவைத்த வேடங்கள் புலப்படும்.

நடிகர் தேர்வின்போது கண்ணீர் வசனம் பேசச் சொல்லாதீர்கள். கையில் ஒரு பால் மங்கு கொடுத்துத் துடைக்கச் சொல்லி, நடுவில், மரங்களுக்கு மேலே ஏதோ ஒளிர்வதாகச் சொல்லுங்கள். கையை உதறிவிட்டு வாய்பிளப்பவர் பலர். துடைத்துக்கொண்டே மெல்ல நிமிர்பவர் ஒருவர் இருந்தால் அவரைத் தேர்ந்தெடுங்கள்.