மிலிட்டரி சட்டை போட்டால் வாத்து ஏமாறுமா?

கார்த்திகை, மார்கழியில் நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு வரித்தலை வாத்துகள் வரும். கூடவே, பச்சையும் பழுப்புமாகத் திட்டுத்திட்டாக அச்சடித்த சட்டை, பேண்ட், தொப்பி சகிதமாகக் கேமராக்காரர்களும் வருவார்கள். இந்த உருமறைப்புத் துணி நெல்லை ஜங்ஷன் பக்கத்துப் பிளாட்பாரக் கடையிலும் கிடைக்கும், ஆன்லைனில் ஆயிரக்கணக்கில் விலை போட்டும் கிடைக்கும். போட்டுக்கொண்டால் பறவை கண்ணுக்கு நாம் தெரியமாட்டோம் என்று ஒரு நம்பிக்கை.

முதலில் ஒன்று. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று நம் ஊரில் பொழுதுபோக்குக்காக வேட்டையாட வழியே கிடையாது. முயலுக்கு நாய் விடுவதும் கொக்குக்குக் கண்ணி வைப்பதும் குற்றம்தான். அதனால் இங்கே பேசப்போவது கேமராவோடும் பைனாகுலரோடும் போகிறவர்களுக்காக. ஆனால் உருமறைப்பு உடை பற்றி இணையத்தில் கிடைக்கும் யோசனைகளில் பெரும்பகுதி அமெரிக்க, ஐரோப்பிய வேட்டைக்காரர்களுக்காக எழுதப்பட்டது. அதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து தாமிரபரணிக் கரையில் இறக்கும்போதுதான் தப்பு ஆரம்பிக்கிறது.

அந்த வியாபாரமே ரொம்பப் பழையது இல்லை. மரப்பட்டையையும் இலையையும் போட்டோ போல அச்சடித்து விற்கும் மாஸி ஓக், ரியல்ட்ரீ இரண்டு பிராண்டுகளும் 1986ல் தொடங்கியவை. அதற்கு முன்னால் அங்கே வேட்டைக்குப் போனவர்களில் பலர் சிவப்பும் கறுப்பும் கட்டம் போட்ட கம்பளிச் சட்டையில்தான் போனார்கள். மான் கிடைக்காமல் ஒன்றும் போகவில்லை.

நம் கண்ணை வைத்து அளப்பது

கண்ணாடி முன் நின்று, "செடியோடு செடியாகத் தெரிகிறேனே" என்று திருப்திப்படுவதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. அப்படிப் பார்ப்பது மனிதக் கண். நமக்கு நிறம் பிரிக்க மூன்று வகைக் கூம்பு செல்கள் உண்டு. மான் இனங்களுக்கு இரண்டுதான். சிவப்பையும் ஆரஞ்சையும் பச்சையிலிருந்து அவற்றால் பிரிக்க முடியாது. அமெரிக்காவில் பல மாநிலங்களில் மான் வேட்டைக்காரர்கள் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு உடை போட்டாக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. ஒருவரை ஒருவர் சுட்டுவிடாமல் இருக்கத்தான். அந்த ஆரஞ்சு சக மனிதனுக்குப் பளிச்சென்று தெரியும், மானுக்கு மங்கலான இன்னொரு நிறமாகத்தான் தெரியும். முண்டந்துறைக் காட்டுப் புலி அவ்வளவு செம்மஞ்சளாக இருந்தும் பட்டினி கிடக்காததற்கு இதுவும் ஒரு காரணம். மிளா என்கிற கடமானின் கண்ணுக்கு அது புதரோடு புதர்.

அதே மானுக்கு நீல நிறம் நன்றாகத் தெரியும். எனவே மேலே மிலிட்டரி சட்டையும் கீழே நீல ஜீன்ஸும் போட்டுக்கொண்டு மலையடிவாரத்தில் மான் பார்க்கப் போகிறவர், தோளில் சிவப்புத் துண்டு போட்டுக்கொண்டு போகிறவரைவிட எளிதாகக் கண்ணில் படுவார்.

துவைப்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. 'பளிச் வெண்மை' என்று விளம்பரம் செய்யும் சோப்புத்தூள்களில், புற ஊதா ஒளியை உள்வாங்கி நீல ஒளியாக வெளியே விடும் பொருள் சேர்க்கிறார்கள். ஆய்வு செய்யப்பட்ட மான் இனங்களில், நம்முடையதைப் போலக் கண் லென்ஸ் புற ஊதாவை முழுதாகத் தடுப்பதில்லை என்று தெரிந்திருக்கிறது. விடியற்காலையிலும் அந்தியிலும், வெளிச்சம் குறைந்த நேரத்தில், அந்தத் தூளில் பலமுறை துவைத்த உருமறைப்புச் சட்டை மங்கலான புதர் நடுவே நீலம் பாரித்துத் தெரியலாம். பணம் கொடுத்து வாங்கிய மறைப்பைத் துவைகல்லிலேயே தொலைத்தாயிற்று. சாதாரணக் கட்டிச் சோப்பு, அல்லது வெறும் தண்ணீர் போதும்.

சரி, இதெல்லாம் மானுக்கு. கூந்தன்குளத்தில் நீங்கள் பார்க்கப்போவது பறவை. பறவைக்குப் பொதுவாக நான்கு வகைக் கூம்பு செல்கள். நாம் பார்க்கும் நிறமெல்லாம் தெரியும், அதற்கு மேலே ஊதாவைத் தாண்டியும் பல இனங்களுக்குத் தெரியும். மானிடம் செல்லுபடியாகும் ஆரஞ்சு பறவையிடம் செல்லாது. நம் கண்ணுக்கு இலைப்பச்சையாகத் தெரியும் பாலியஸ்டர் சாயம் பறவைக்கும் அதே பச்சையாகத் தெரியும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

எந்த ஊருக்கும் ஒரே பச்சை

கடையில் கிடைப்பது பெரும்பாலும் அடர்ந்த காட்டுக்கான பச்சை. நம் சீமையில் அந்தப் பச்சை மாஞ்சோலை, கோதையாறு பக்கம் மேலே போனால்தான் உண்டு. கீழே இறங்கினால் நிலம் வேறு. குளங்களின் உள்வாய், அதாவது தண்ணீர் நிற்கும் உட்பகுதி, மாசிக்கு மேல் வெடித்த சேறு, காய்ந்த கோரை. உடன்குடி, சாத்தான்குளம் பக்கம் செக்கச்செவேல் என்று தேரி மணலும் பனை வடலியும். கயத்தாறு தாண்டினால் கரிசல். வல்லநாட்டு வெளிமான் சரணாலயத்தில் பாறையும் முள்புதரும் காய்ந்த புல்லும். தேரியில் காட்டுப்பச்சை உடுத்தி நின்றால் வெள்ளை வேட்டியில் நிற்பதற்குச் சற்றுத்தான் மேல்.

வெளிமான் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. திறந்தவெளியில் வாழும் அது தூரத்திலேயே பார்த்து ஓடித் தப்பிக்கும் பிராணி. சட்டையின் நுணுக்கமான இலையும் குச்சியும் அவ்வளவு தூரத்தில் ஒன்றோடொன்று கலங்கி ஒரே கருந்திட்டாகிவிடும். வேண்டுமானால் சட்டையைக் கொடியில் போட்டுவிட்டு நூறடி தள்ளி நின்று பாருங்கள். இலையும் தெரியாது, குச்சியும் தெரியாது. சாயம் வெளிறிய பழைய காக்கியோ மண் நிறப் பருத்திச் சட்டையோ நம் ஊர் வெட்டவெளிக்கு எவ்வளவோ மேல். பங்குனி வெயிலில் அது காற்றையும் உள்ளே விடும். இலைநார் தொங்கவிட்ட 'கில்லி சூட்' என்ற கரடிவேஷம் ஸ்காட்லாந்துக் குளிரில் பிறந்தது. அதைக் கூந்தன்குளத்துச் சித்திரை வெயிலில் போட்டுக்கொள்ள நினைப்பவருக்கு நான் சொல்வதற்கு ஒன்றும் இல்லை, தண்ணீர் பாட்டில் ஒன்று கூடுதலாக வைத்துக்கொள்ளட்டும்.

கரைமேல் நடப்பது

நிறத்தைப் பற்றி இவ்வளவு பேசியாயிற்று. உண்மையில் காட்டிக்கொடுப்பது நிறத்தைவிட உருவமும் அசைவும்தான்.

நம் குளங்களுக்கு உயரமான மண்கரை உண்டு. வருகிறவர் எல்லோரும் நேரே அதன் உச்சியில் ஏறி, மடையிலிருந்து மறுகால் வரை நடந்துகொண்டே பறவை தேடுவார்கள். தண்ணீரில் இருக்கும் வாத்துக்கு அவர் எப்படித் தெரிவார் என்று யோசித்துப் பாருங்கள். பின்னால் வெறும் வானம். அதன்மேல் தலை, தோள், இரண்டு கால் என்று மனித உருவம் கறுப்பாக வெட்டி வைத்தது போல. அந்த நிலையில் சட்டையில் எந்த டிசைன் இருந்தாலும் ஒன்றுதான்.

கரையின் வெளிச்சரிவில், தண்ணீர் இல்லாத பக்கமாக நடங்கள். பார்க்க வேண்டிய இடத்தில் மட்டும் குனிந்து ஏறுங்கள். ஒரு பனையின் அடிமரத்தையோ கருவை மரத்தையோ முதுகுக்குப் பின்னால் வைத்து உட்காருங்கள். முன்னால் மறைப்பு இருப்பதைவிடப் பின்னால் இருட்டான பின்புலம் இருப்பது அதிகம் உதவும். உருவத்தின் ஓரம் அதில் கரைந்துவிடும். மர நிழலுக்குள் உட்கார்ந்தால் இன்னும் நல்லது. ஐயப்பனுக்கு மாலை போட்டுக் கறுப்பு வேட்டியில் வந்தவர்கூட நிழலுக்குள் உட்கார்ந்தால் வெயிலில் நிற்கும் மிலிட்டரி சட்டையைவிட மறைவாக இருப்பார்.

அசைவு விஷயம் இதைவிடக் கடினம், ஏனென்றால் நமக்குப் பொறுமை கிடையாது. வாத்துக்குக் கண்கள் தலையின் இரு பக்கத்திலும் இருக்கின்றன. தலையைத் திருப்பாமலே ஏறக்குறையச் சுற்றிலும் பார்க்கும். "இந்தப் பக்கம் பார்க்கவில்லை, ஓடிவிடலாம்" என்ற கணக்கு அதனிடம் எடுபடாது. பேசிக்கொண்டே கையை நீட்டிக் காட்டுவது, படக்கென்று கேமராவைத் தூக்குவது, ட்ரைபாடை விரிப்பது, செல்போன் எடுக்கப் பாக்கெட்டில் கை விடுவது எல்லாம் மொத்தக் கூட்டத்தையும் கிளப்பிவிடும். இதில் முகமும் கையும் வேறு. உடம்பெல்லாம் மறைத்துவிட்டு, அதிகம் அசையும் இரண்டையும் வெயிலில் மினுமினுக்க விட்டிருப்போம். சிலர் வைத்திருக்கும் வெள்ளை நிற நீள லென்ஸைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மங்கலான துணியை அதன்மேல் சுற்றினால் போதும்.

எழும்புவதற்கு முன் பறவை சொல்லிவிட்டுத்தான் எழும்பும். மேய்ச்சலை நிறுத்தும். கழுத்து நேராகும். ஒன்றைப் பார்த்து இன்னொன்று தலை தூக்கும். தண்ணீர்ப் பக்கமாக மெல்ல நடக்க ஆரம்பிக்கும். முதல் கழுத்து நிமிர்ந்ததுமே நின்றுவிட வேண்டும். அவை மறுபடி குனிந்து மேயும்வரை ஓரடிகூட எடுத்து வைக்கக்கூடாது. நேராக அவற்றை நோக்கி நடக்காமல், வேறெங்கோ போகிறவர் மாதிரி சாய்வாகப் போனால் கொஞ்சம் கூடுதலாக விட்டுக்கொடுக்கும்.

ஆடு மேய்க்கிறவர் வெள்ளைப் பனியனோடு, தோளில் தொரட்டியோடு, சத்தம் போட்டுக்கொண்டு உள்வாய்க்குள் நடப்பார். நாரைகள் பத்தடி நகர்ந்துகொடுத்துவிட்டு மீன் பிடிக்கும் வேலையைத் தொடரும். அவர் தினம் வருகிறார், ஒரே வழியில் நடக்கிறார், பறவையை முறைத்துப் பார்ப்பதில்லை. கூந்தன்குளம் ஊருக்குள்ளேயே பாருங்கள். 1994ல் சரணாலயமான, 2022ல் ராம்சார் தலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட இடம் அது. அங்கே மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் வீட்டுக் கொல்லை மரங்களில் கூடு கட்டும். கீழே ஆச்சி முற்றம் தெளிப்பாள், பிள்ளைகள் சைக்கிள் ஓட்டும். தீபாவளிக்கு வெடி வைக்காத ஊர் என்ற பெயர் அதற்கு உண்டு. தலைமுறை தலைமுறையாகக் கிடைத்த அந்தப் பழக்கத்தை ஒரு சட்டையால் வாங்கிவிட முடியாது. ஊர்க்காரர் நடக்கும் பாதையிலேயே நீங்களும் நடந்தால் அதில் ஒரு பங்கு கிடைக்கும். வண்டியில் வந்தால் இறங்காமல் உள்ளிருந்தே பாருங்கள். காரையோ ஆட்டோவையோ பறவைகள் சட்டை செய்யாது, கதவு திறந்து இறங்கும் மனிதனைக் கண்டால்தான் பறக்கும்.

காற்றை மறப்பது

பறவைக் குளத்தில் வாசனையைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். மலைப்பக்கம் அப்படியில்லை. மிளா, காட்டு மாடு, பன்றி, யானை எல்லாம் மூக்கை நம்புபவை. யானைக்கு வாசனை அறியும் மரபணுக்கள் 2,000 அளவுக்கு இருக்கின்றன. எந்த உருமறைப்பும் வியர்வையையும் பவுடரையும் கொசு மருந்தையும் பீடியையும் மறைக்காது. ஆனி, ஆடியில் செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியாக மேற்குக் காற்று பிய்த்துக்கொண்டு வரும். மலையைப் பார்த்து நீங்கள் நின்றால் உங்கள் வாசனை பின்னால் சமவெளிக்குப் போய்விடும், நல்லது. மார்கழியில் வடக்கிலிருந்து வாடைக்காற்றும் கிழக்கிலிருந்து கொண்டலும் வீசும்போது கதை தலைகீழ். காற்று அடங்கிய நாளில் மலைச்சரிவுக்கு ஒரு வழக்கம் உண்டு. விடியலில் குளிர்காற்று கீழே இறங்கும், வெயில் ஏறியதும் மேலே போகும். ஒரு பிடி புழுதியைத் தூவிப் பார்த்தால் திசை தெரிந்துவிடும்.

மறையக்கூடாத இடத்தில் மறைவது

களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தில் வனத்துறை அனுமதி இல்லாமல் நடக்கவே கூடாது. அதில் மிலிட்டரி உடையோடு பிடிபட்டால், வேட்டைக்கு வந்தவன் என்ற சந்தேகமும் உங்கள் தலையில் விழலாம். காப்பகத்துக்கு வெளியே, பாபநாசம், களக்காடு அடிவாரத் தோட்டங்களில் கரடி இறங்கும். கரடியிடம் அடிபடுகிறவர்களில் பலர் அதன்மேல் எதிர்பாராமல் போய் முட்டியவர்கள். அங்கே சத்தமில்லாமல் பதுங்கி நடப்பதைப் போல ஆபத்து வேறில்லை. பேசிக்கொண்டே போங்கள், நிறமாக உடுத்துங்கள்.

ராணுவச் சீருடை சமாச்சாரமும் சும்மா இல்லை. 2022 ஜனவரியில் அறிமுகமான புதிய டிஜிட்டல் டிசைனை வெளியே விற்க அனுமதியே கிடையாது. படைவீரர் என்று மற்றவர் நம்ப வேண்டும் என்ற எண்ணத்தோடு அப்படிப்பட்ட உடை உடுத்தினால், பாரதிய நியாய சன்ஹிதா 168ஆம் பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

எனக்கு ரொம்ப எரிச்சல் தருவது கூட்டுக்குக் கிட்டே போவதுதான். மறைந்திருக்கிறோம் என்ற தைரியத்தில் கூடு கட்டிய மரத்தின் அடிவரை போய்விடுவார்கள். தாய் எழும்பிப் போனால் மாசி, பங்குனி வெயிலில் குஞ்சு அதிக நேரம் தாங்காது. காக்கையும் பருந்தும் காத்துக்கொண்டே இருக்கும். தாய்ப்பறவை கூட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது என்பதால் அது உங்களைப் பார்க்கவில்லை என்று அர்த்தமில்லை. முட்டையை விட்டுப் போக மனமில்லாமல் பயந்துகொண்டே உட்கார்ந்திருக்கலாம்.

உருமறைப்புத் துணி உண்மையில் உதவும் இடம்

அதைச் சட்டையாக வாங்காமல் துணியாக வாங்கினால் பலன் உண்டு. மூன்று நான்கு மீட்டர் துணி, அல்லது பழைய சணல் சாக்கு. நாலு கம்பு நட்டுச் சுற்றிக் கட்டி, லென்ஸுக்கு மட்டும் ஓர் ஓட்டை விட்டு, உள்ளே உட்கார்ந்தால் உங்கள் கையசைவு முழுக்க மறைந்துவிடும். சட்டையால் அதைச் செய்ய முடியாது. உள்ளே ஒரு கறுப்புத் துணியையும் முதுகுப் பக்கம் தொங்கவிடுங்கள், இல்லாவிட்டால் வெளிச்சம் ஊடுருவி உங்கள் நிழல் தெரியும். முதல் நாளே கட்டிவைத்துவிட்டு மறுநாள் விடியுமுன் நுழைவது நல்லது. விடிந்த பிறகு போகவேண்டி வந்தால் இரண்டு பேராகப் போய், ஒருவர் மட்டும் திரும்பி வந்துவிட்டால் ஆள் போய்விட்டான் என்று பறவைகள் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும். தனியார் வயலென்றால் சொந்தக்காரரிடமும், சரணாலய எல்லைக்குள் என்றால் வனத்துறையிடமும் கேட்டுக்கொண்டுதான் கம்பு நட வேண்டும். கூடு இருக்கும் மரத்துக்குப் பக்கத்தில் இதைக் கேட்கவும் கூடாது.