ஆபிரகாம் ரீஸ்: வாழ்க்கைக் குறிப்பு எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரீஸ் பற்றித் திருத்தத்துக்கு வந்த கட்டுரை ஒன்றில், நான் எழுதத் தொடங்கிய காலத்தில் செய்த அதே பிழையைக் கண்டேன்: அவருடைய களஞ்சியத்தின் தலைப்புப் பக்கத்து ஆண்டை அப்படியே நம்புவது. மூன்றாவது முறையாக ஒருவர் அதைச் செய்திருக்கிறார். வேல்ஸின் லான்பிரின்மைரில் பிறந்த ரீஸ் (1743–1825) போதகர், கலைக்களஞ்சியத் தொகுப்பாளர். பெயர், ஊர் போன்ற எழுத்துப் பிழைகளை விட்டுவிடுகிறேன். மெய்ப்புப் பார்க்கும்போதே அவை சரியாகிவிடும்.

தலைப்புப் பக்கத்து ஆண்டை நம்புவது

ரீஸின் பெரிய களஞ்சியத்தில் கட்டுரைகளுக்கு 39 தொகுதிகள், படங்களுக்கு 6. அது 1802 முதல் 1820 வரை, அகரவரிசைப்படி பகுதி பகுதியாக வெளிவந்தது. தொகுதிகளாகக் கட்டுவதற்குக் கடைசியில் கொடுத்த தலைப்புப் பக்கங்களிலோ 1819 என்றே போட்டிருந்தார்கள்.

நான் ஓர் இசைக் கட்டுரைக்கு 1819 என்று ஆண்டு குறித்தேன். எழுதியவர் சார்லஸ் பர்னி. அவர் 1814-லேயே இறந்துவிட்டார்! அச்சேறிய பிறகுதான் இது என் கண்ணில் பட்டது. இன்றும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

அறிவியலில் இந்தப் பிழை இன்னும் கொடியது. வேதியியலாளர் ஜான் டால்டன் தம் அணுக்கொள்கையை நூலாக்கியது 1808-இல். களஞ்சியத்தின் முதல் தொகுதிகள் அதற்கு முந்தியவை. 1819 என்று நம்பி அவற்றைப் படிப்பவர், ரீஸைக் காலத்துக்குப் பின்தங்கியவர் என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார். எத்தனை அநியாயம்! கட்டுரை அகரவரிசையில் எங்கே வருகிறது என்று முதலில் பாருங்கள். பகுதிகள் உண்மையில் எப்போது வெளிவந்தன என்பதைத் தாவரவியலாளர் பெஞ்சமின் டேடன் ஜாக்சன் 1895-லேயே தேடித் தொகுத்து வைத்திருக்கிறார். அதைப் புரட்டாமல் ஆண்டு போடாதீர்கள்.

இரண்டு களஞ்சியங்களை ஒன்றாக்குவது

எஃப்ரயீம் சேம்பர்ஸின் பழைய களஞ்சியத்தை ரீஸ் விரித்துத் திருத்திய பதிப்பு 1778-இல் வரத் தொடங்கியது. அது வேறு நூல். அவர் 1786-இல் அறிவியல் அமைப்பான ராயல் சொசைட்டியின் உறுப்பினரானபோது பெரிய களஞ்சியத்தின் முதல் பகுதிகூட வெளிவந்திருக்கவில்லை. அந்தப் பெருமையைப் பெரிய களஞ்சியத்தின் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

எல்லாம் அவரே எழுதியது என்பது

இல்லை. தாவரவியலுக்கு ஜேம்ஸ் எட்வர்ட் ஸ்மித், நீராவி இயந்திரத்துக்கு ஜான் ஃபேரி.

போதகர் பணியை ஒரு வரியில் தள்ளிவிடுவது

ஆங்கிலத் திருச்சபையை ஏற்காதவர்களுக்கு அன்று ஆக்ஸ்ஃபோர்டின் கதவு மூடியிருந்தது. அதனால் அவர்கள் தங்களுக்கென்று கல்விக்கூடங்கள் நடத்தினார்கள். ரீஸ் படித்ததும் கணிதம் கற்பித்ததும் அத்தகைய கூடத்தில்தான். எல்லாத் துறையையும் தொட்டுப் பார்க்கும் பழக்கம் அவருக்கு அங்கேதான் வந்தது என்பது என் எண்ணம். லண்டனில் அத்தகையவர்களின் ஓல்டு ஜூரி சபைக்குப் போதகராக 1783-இல் பொறுப்பேற்றார். சபை வேறு கட்டடத்துக்கு மாறிய பிறகும், இறக்கும்வரை அவரே அதன் போதகர். பெரிய களஞ்சியத்தின் அத்தனை தொகுதிகளும் அந்தப் பணிக்கு நடுவே உருவானவை.