நெட்டைக் கடிகாரம் நின்றுபோனால் முதலில் தரையைப் பாருங்கள்

மதுரை டவுன் ஹால் ரோடு பக்கத்துச் சந்தில் அப்பா காலத்திலிருந்து கடிகாரம் பழுது பார்க்கிறோம். ஆளுயரக் கடிகாரம் நின்றுவிட்டது என்று யார் கூப்பிட்டாலும் நான் முதலில் எடுத்துப் போவது ரசமட்டம்தான், ஸ்க்ரூ டிரைவர் இல்லை. பெரும்பாலும் இயந்திரத்தில் கோளாறு இருக்காது, அது நிற்கும் விதத்தில்தான் இருக்கும். அதை நீங்களே சரி செய்யலாம்.

பெட்டி முன்னும் பின்னும் ஆடக்கூடாது. தோளால் லேசாகத் தள்ளிப் பாருங்கள். ஆடினால் அடியில் தேக்குச் சில்லு வைத்து மட்டம் பிடியுங்கள். அப்புறம் இயந்திரம் இருக்கும் உயரத்தில், பின்பலகை வழியாகச் சுவரோடு ஒரு திருகாணி போட்டு இறுக்குங்கள். பலகைக்கும் சுவருக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் அந்தத் தடிமனுக்கு ஒரு மரக்கட்டை கொடுக்க வேண்டும். பழைய சுண்ணாம்புப் பூச்சைத் துளைக்க மனசு வராது, தெரியும். ஆனாலும் துளைக்கத்தான் வேண்டும். அடிப்பலகை தரையைத் தொடாமல் அரை அங்குலமாவது தூக்கி வையுங்கள். நம் வீடுகளில் தரையைக் கழுவி விடுகிற பழக்கம் உண்டு, அந்தத் தண்ணீரில் ஊறி அடிப்பாகம் இற்றுப்போன பெட்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஈரம் இருந்தால் கரையானும் வந்து சேரும்.

சுவரோடு இறுக்கச் சொல்வதற்கு முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. காரைக்குடிப் பக்கம் ஒரு வீட்டில் ஆச்சி சொன்னார்: "தம்பி, வெள்ளிக்கிழமை வந்தாப் போதும், நின்னுடுது. ஏதும் தோஷமான்னு பார்க்கணும்."

"என்னைக்குச் சாவி குடுக்குறீங்க ஆச்சி?"

"ஞாயித்துக்கிழமை காலைல."

அவ்வளவுதான், விஷயம் புரிந்துவிட்டது. எட்டு நாள் ஓடும் கடிகாரத்தில் எடைக்குண்டு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, நாலைந்து நாளில் பெண்டுலக் குண்டின் மட்டத்துக்கு வரும். அப்போது கயிற்றில் தொங்கும் எடையும் கிட்டத்தட்ட பெண்டுலம் நீளத்துக்கு ஒரு ஊசலாகிவிடுகிறது. பெட்டி துளி ஆடினாலும் எடை கூடவே ஆட ஆரம்பித்து, பெண்டுலத்தின் வேகத்தைத் தின்றுவிடும். சுவரில் ஒரு திருகாணி போட்டதும் தோஷம் போய்விட்டது.

இடம் மாற்றும்போது பெண்டுலத்தை மாட்டியபடியே தூக்காதீர்கள். அது தொங்கும் மெல்லிய எஃகுப் பட்டை மடங்கிவிடும். முதலில் டயலையும் இயந்திரத்தையும் மூடியிருக்கும் மேல்கூட்டை முன்பக்கமாக இழுத்துக் கழற்றுங்கள். எடைகளை எடுங்கள், எது இடம் எது வலம் என்று சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பெண்டுலம். எடையை எடுத்ததும் உருளையில் சுற்றிய நரம்புக் கயிறு தளர்ந்து ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும், அதை டேப்பால் ஒட்டி வையுங்கள். திரும்ப மாட்டும்போது இதே வரிசையைத் தலைகீழாகச் செய்யுங்கள்.

நிறுத்தியதும் காது கொடுத்துக் கேளுங்கள். டிக் என்பதற்கும் டாக் என்பதற்கும் நடுவில் இடைவெளி சமமாக இருக்க வேண்டும். நொண்டி நடை போட்டால் சீக்கிரம் நின்றுவிடும். பெண்டுலத்தை மெதுவாக ஒரு பக்கம் நகர்த்தி எவ்வளவு தூரத்தில் சத்தம் வருகிறது என்று பாருங்கள், பிறகு மறுபக்கம். பெண்டுலத்தைத் தள்ளிவிடும் கம்பி ஒன்று இயந்திரத்துக்குப் பின்னால் இறங்கும். எந்தப் பக்கம் சீக்கிரம் சத்தம் வருகிறதோ அந்தப் பக்கமாக அந்தக் கம்பியின் கீழ்ப்பகுதியை மயிரிழை அளவு வளைக்க வேண்டும். வளைக்கும்போது மேல்பகுதியை இன்னொரு கையால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வேகம். நொடிக்கு ஒரு அடி அடிக்கிற பெண்டுலத்தின் நீளம் சுமார் 994 மில்லிமீட்டர். அதில் ஒரு மில்லிமீட்டர் கூடினாலோ குறைந்தாலோ ஒரு நாளைக்கு 43 நொடி வித்தியாசம் வரும். குண்டுக்கு அடியில் இருக்கும் நட்டைத் திருகிக் குண்டை ஏற்றினால் வேகம் கூடும், இறக்கினால் குறையும். ஒரு தடவை திருகினால் ஒரு நாளாவது விட்டுவிட்டுப் பிறகு போனில் மணி பாருங்கள்.

லண்டனில் ஏலத்தில் எடுத்து இங்கே கொண்டு வருபவர்கள் உண்டு. "அங்கே சரியாக ஓடியது, இங்கே தினமும் ரெண்டு நிமிஷம் பின்தங்குகிறது, கப்பலில் அடிபட்டிருக்குமோ" என்பார்கள். அடி ஒன்றும் பட்டிருக்காது. பூமத்திய ரேகையை நெருங்க நெருங்க புவியீர்ப்பு கொஞ்சம் குறையும். 1672-இல் ஜான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் பாரிஸ் கடிகாரத்தைத் தென்னமெரிக்காவின் கயேனுக்குக் கொண்டு போனார், அங்கே அது நாளுக்கு இரண்டரை நிமிடம் தாமதித்தது. லண்டனிலிருந்து மதுரைக்கு வந்தால் இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே. குண்டை மூன்று மில்லிமீட்டர் ஏற்றினால் சரியாகிவிடும். சித்திரை வெயில்மேல் பழி போடுகிறவர்களும் இருக்கிறார்கள். எஃகுக் கம்பி பத்து டிகிரி சூட்டுக்கு நாளுக்கு ஐந்து நொடிதான் தாமதிக்கும், அதற்கெல்லாம் நட்டில் கை வைக்க வேண்டாம்.

டயலில் சாவித் துளை இரண்டு இருந்தால் ஒன்று ஓட்டத்துக்கு, இன்னொன்று மணி அடிக்க. இரண்டுக்கும் சேர்த்துச் சாவி கொடுங்கள். மணிச் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று ஒரு பக்கத்தை மட்டும் விட்டுவிட்டால், சில கடிகாரங்கள் பன்னிரண்டுக்கும் ஒன்றுக்கும் நடுவில் சிக்கி நின்றுவிடும். முள்ளைப் பின்னோக்கித் திருப்பாதீர்கள். முன்னால் தள்ளும்போது ஒவ்வொரு மணிக்கும் அடித்து முடியும்வரை பொறுங்கள்.

எண்ணெய் விஷயத்தில் எனக்குக் கோபம் வரும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும், மார்கழி ராத்திரியில் நம் ஊரிலேயே உறையும். விளக்கெண்ணெய் தூசியோடு சேர்ந்து பசையாகும். கடிகார எண்ணெய் மட்டும், ஊசிமுனை அளவு, அச்சு முனை சுழலும் துளைகளில் மட்டும். பல்சக்கரத்தின் பல்லில் போடவே கூடாது. ஒட்டுகிற தூசி உப்புக்காகிதம் மாதிரி தேய்த்துவிடும்.

வாங்கப் போகிறவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். காரைக்குடி பழம்பொருள் கடைகளில் டயலில் இருக்கும் பெயரைக் காட்டி விலை சொல்வார்கள். அந்தப் பெயர் செய்தவருடையதாக இருக்க வேண்டும் என்றில்லை, பல சமயம் விற்ற கடையுடையது. மதராஸ் மவுன்ட் ரோடு பி. ஆர் அண்ட் சன்ஸ் பெயரைப் பார்த்தால், இயந்திரம் எங்கே செய்தது என்று தனியாகத் தேட வேண்டும். பெயர்பெற்ற பழைய லண்டன் கடிகாரக்காரர் டாம்பியன் செய்தது என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். தாமஸ் டாம்பியன் 1713-இல் இறந்தார், அவருடைய சீடர் ஜார்ஜ் கிரஹாமும் அவரும் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் ஒரே கல்லறையில் இருக்கிறார்கள். அவர் கைவேலை தெருக்கடைக்கு வராது.

வெள்ளைப் பெயின்ட் பூசிப் பூ வரைந்த டயல் 1772 வாக்கில் பர்மிங்ஹாமில் ஆஸ்பர்ன், வில்சன் என்ற இருவரால் விற்பனைக்கு வந்தது. ஆகவே அந்த மாதிரி டயலோடு "1720" என்று சீட்டு தொங்கினால் பேச்சே வேண்டாம். அந்த டயலுக்குப் பின்னால் வார்ப்புத் தகடு ஒன்றில் பெயர் இருக்கலாம், அது டயல் செய்தவர் பெயர். ஜெர்மன் கடிகாரங்களைக் கண்டுபிடிப்பது சுலபம். இயந்திரத்தின் பின்தகட்டில் நட்சத்திர முத்திரை இருந்தால் யுங்ஹன்ஸ், ஜி பி என்ற எழுத்துகள் இருந்தால் குஸ்தாவ் பெக்கர்.

ஒரு பெட்டியில் வேறொரு இயந்திரத்தைப் பொருத்தி விற்பதும் நடக்கிறது. மேல்கூட்டைக் கழற்றச் சொல்லி டார்ச் அடித்துப் பாருங்கள். இயந்திரம் உட்கார்ந்திருக்கும் பலகை புது மரமா, அதற்கு அடியில் உயரம் கூட்டக் கட்டை கொடுத்திருக்கிறதா, தகட்டில் உபயோகமில்லாத துளைகள் இருக்கின்றனவா, டயல் ஓரத்துக்கும் மேல்கூட்டுச் சட்டத்துக்கும் நடுவில் இடைவெளி தெரிகிறதா என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள். கழற்ற விடமாட்டேன் என்று கடைக்காரர் சொன்னால், பக்கத்துக் கடைக்குப் போகலாம்.