குழுவாகப் பாட கிட்டார் கார்டு: முதலில் சுருதி, பிறகு கேப்போ

கிறிஸ்துமஸ் பாட்டுக்குக் கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) தேடும் முன், பாட்டின் மிக உயரமான வரியை எல்லோரையும் பாடச் சொல்லுங்கள். தொண்டை இறுகாமல் எங்கே வருகிறதோ அதுதான் உங்கள் சுருதி. அப்புறம் ஜி, சி, டி கார்டுகளையே பிடித்துக்கொண்டு கேப்போவை, அதாவது எல்லாத் தந்திகளையும் சேர்த்து அழுத்தும் கிளிப்பை, நகர்த்தினால் போதும். ஏ சுருதிக்கு 2-ஆம் கட்டம் (ஃப்ரெட்), பி ஃபிளாட்டுக்கு 3-ஆம் கட்டம்.

கேப்போ ஒரு கட்டம் ஏறினால் சுருதி அரைச்சுரம் ஏறும், விரல் அமைப்பு மாறாது. ‘சைலண்ட் நைட்’ போன்ற பாடல்களுக்கு இந்த மூன்று கார்டுகளே போதும். அதன் 3/4 தாளத்துக்கு முதல் அடியில் தடித்த தந்தி, அடுத்த இரண்டிலும் மெல்லிய வருடல். 1818-இல் அது முதன்முதலாகப் பாடப்பட்டதே கிட்டாரோடுதான், அத்தனை இயல்பாகப் பொருந்தும்.

இரண்டு கிட்டார் இருந்தால் இருவரும் ஒரே மாதிரி வாசிக்காதீர்கள். ஒருவர் கேப்போ இல்லாமல் ஜி, மற்றவர் 5-ஆம் கட்டத்தில் கேப்போ போட்டு டி வடிவம் (டி, ஜி, ஏ கார்டுகள்). சுருதி ஒன்றே, ஆனால் ஒலி நிறைந்து கேட்கும்.

கேப்போவால் சுருதியைக் கீழே இறக்க முடியாது. எஃப் வேண்டுமென்றால் 3-ஆம் கட்டத்தில் டி வடிவக் கார்டுகளுக்கு மாறுங்கள். கீபோர்டு கலைஞரிடம் நீங்கள் பிடிக்கும் கார்டை அல்ல, ஒலிக்கும் கார்டைச் சொல்லுங்கள். ஒவ்வொரு அடிக்கும் கார்டு மாறும் நான்கு குரல் கீர்த்தனைகளுக்கு இது சரிவராது; அவற்றைக் கீபோர்டுக்கு விட்டுவிடுவது நல்லது.