அமுக்கிய ஸ்பாஞ்சில் லேசரால் பெயர் பொறிக்க
பால்காய்ப்புக்கு வருபவர்களுக்குக் கொடுக்க, பெயர் பொறித்த ஸ்பாஞ்ச் நல்ல சாமான், மறுநாளே பாத்திரம் தேய்க்க உதவும். செல்லுலோஸ்தானா (மரக்கூழில் செய்ததுதானா) என்று கேட்டே வாங்குங்கள். அட்டை மாதிரி தட்டையாக இருக்கும், தண்ணீர் பட்டதும் உப்பும். பிவிசி பிளாஸ்டிக் கலந்த எதையும் லேசரில் வைக்கவே கூடாது, அந்தப் புகை நெஞ்சுக்கும் கேடு, மெஷினும் துருப்பிடிக்கும்.

எழுத்து தடிமனாக இருக்கட்டும், மெல்லிய கோடெல்லாம் ஸ்பாஞ்ச் ஊறியதும் துளைகளுக்குள் காணாமல் போய்விடும். பவரைக் குறைத்து, வேகத்தைக் கூட்டி, முதலில் ஓரத்துண்டில் போட்டுப் பாருங்கள்: பழுப்பு நிறம் போதும், விரலில் கரி ஒட்டினால் சூடு அதிகம். எக்ஸாஸ்ட் ஓடட்டும், பக்கத்திலேயே நில்லுங்கள், தீப்பிடிக்கும் பொருள் இது.

கரியைக் காய்ந்த பிரஷால் தட்டிவிடுங்கள். ஈரத்துணி வேண்டாம், துடைத்த இடம் உப்பிவிடும். அப்புறம், நாகர்கோவில் பக்கம் ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. ஈரம் படாமல் இருக்க, பொறித்த கையோடு கவரில் போட்டு ஒட்டிவிடுங்கள்.