சோலார் பேனல் வாங்குமுன் பார்க்க வேண்டிய எண்

பேனலின் பின்புறம் 540 வாட் என்று அச்சிட்டிருப்பது ஆய்வகக் கணக்கு. பேனலுக்குள் மின்சாரம் தயாரிக்கும் செல்லின் வெப்பம் 25 டிகிரி, ஒளி சதுர மீட்டருக்கு 1000 வாட் என்ற நிலையில் அளந்தது. மொட்டைமாடி வெயிலில் செல் 65 டிகிரியை எளிதில் தொட்டுவிடும். அங்கே கைகொடுப்பது விவரத்தாளில் ஒரு மூலையில் கிடக்கும் வெப்பநிலைக் குணகம்தான்; செல்லின் வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் திறன் எவ்வளவு குறையும் என்று சொல்லும் எண் அது. டிகிரிக்கு மைனஸ் 0.35 சதவீதம் என்றால், கூடுதலான 40 டிகிரிக்கு 14 சதவீதம் போய்விடும். 540 வாட் 464 ஆகிவிடும். மைனஸ் 0.29 உள்ள பேனல் அதே வெயிலில் 477 தரும். விற்பனையாளர் இதைத் தாமாகச் சொல்வது அபூர்வம், கேட்டு வாங்குங்கள்.

விவரத்தாளும் தயாரிப்பாளர் எழுதியதுதானே என்று கேட்டால், நியாயமான சந்தேகம். அமெரிக்காவின் கிவா பிவிஈஎல் ஆய்வகம் பேனல்களை வெப்பம், ஈரம், ஆலங்கட்டி என்று வதைத்துப் பார்த்து, தேறியவற்றின் பட்டியலை ஆண்டுதோறும் இலவசமாக வெளியிடுகிறது. தோற்றவற்றின் பெயர் அதில் வராது என்பதுதான் குறை. ஆஸ்திரேலியாவில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பாலைவனத்தில் பல நிறுவனங்களின் பேனல்கள் 2008 முதல் ஒரே வெயிலில் அருகருகே நிற்கின்றன; அவற்றின் உற்பத்திக் கணக்கை இணையத்தில் எவரும் பார்க்கலாம்.