விமானப் பயண நேரம்: கணக்கு எங்கே தப்பிப் போகிறது?

தூரத்தை மணிக்கு 900 கி.மீ. வேகத்தால் வகுத்தால் பயண நேரம் வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். லண்டன் ஹீத்ரோவிலிருந்து நியூயார்க் ஜே.எஃப்.கே. வரை சுமார் 5,550 கி.மீ. வகுத்தால் ஆறு மணி பத்து நிமிடம். ஆனால் அட்டவணையைப் பாருங்கள்: போக ஏறக்குறைய 8 மணி நேரம், திரும்ப 7 மணி நேரம்.

அட்டவணை நேரம் என்பது விமானம் ஒரு கேட்டிலிருந்து நகர்வதில் தொடங்கி, அடுத்த ஊரின் கேட்டில் வந்து நிற்பதுவரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்க வரிசையில் வட்டமடிப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். குறைந்த தூரப் பயணங்களில் இந்தப் பங்குதான் பெரிது.

அப்புறம் காற்று. விமானங்கள் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் வீசுகிறது. 2020 பிப்ரவரியில் புயல் காற்று பின்னாலிருந்து தள்ள, நியூயார்க்கிலிருந்து கிளம்பிய ஒரு விமானம் ஐந்து மணி நேரத்துக்குள் லண்டனைத் தொட்டது. அதனால் போகிற நேரத்தையே திரும்புகிற நேரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அதிகம் பேர் சறுக்குவது டிக்கெட்டில் உள்ள மணியைக் கழிக்கும்போதுதான். காலை 11 மணிக்கு லண்டனில் கிளம்பி மதியம் 2 மணிக்கு நியூயார்க்கில் இறங்கினால் 3 மணி நேரப் பயணம் இல்லை. இரண்டும் அந்தந்த ஊர் நேரம். நியூயார்க் 5 மணி நேரம் பின்தங்கியிருக்கிறது, ஆக 8 மணி நேரம். இந்த 5-ஐயும் மனப்பாடமாக நம்ப முடியாது. அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறும் பிரிட்டன் மார்ச் கடைசி ஞாயிறும் கடிகாரத்தை முன்னே தள்ளுவதால், இடைப்பட்ட நாட்களில் வித்தியாசம் 4 மணி நேரம்தான். இரண்டு நேரத்தையும் உலகப் பொது நேரமான யூ.டி.சி.க்கு மாற்றி, தேதியோடு சேர்த்துக் கழிப்பதே பத்திரம்.

தட்டை வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளப்பதும் வேண்டாம். நியூயார்க்–டோக்கியோ மிகக் குறுகிய வழி அலாஸ்கா பக்கமாக வளைந்து போகிறது. அந்தக் குறுகிய வழியிலேயே விமானம் பறக்கும் என்றும் சொல்ல முடியாது. 2022-இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டதும், ஒன்பதரை மணி நேரமாக இருந்த ஹெல்சின்கி–டோக்கியோ பயணம் சுமார் 13 மணி நேரமானது. இரண்டு ஊரும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. பழைய தகவலை வைத்துத் திட்டமிட்டால் மாட்டிக்கொள்வீர்கள்.

மைல் என்று போட்டிருந்தால் எந்த மைல் என்று கவனியுங்கள். கடல் மைல் 1.852 கி.மீ., சாதாரண மைல் 1.609 கி.மீ. ‘டைரக்ட்’ என்றாலும் வழியில் ஓர் ஊரில் இறங்கி ஏறலாம். நிற்காமல் போவது ‘நான்-ஸ்டாப்’ மட்டுமே.

ஊர்ப் பெயரை மட்டும் போட்டுத் தேடாமல் விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டைப் போடுங்கள். டோக்கியோவின் நரிதாவும் ஹனேடாவும் வானத்தில் பார்த்தால் பக்கத்துப் பக்கம். ஒன்றில் இறங்கி மற்றதில் ஏற வேண்டுமென்றால், சாலையில் மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விடும்.